குடத்துள் எவர் பெயர்?

மக்களாட்சிக்கு அன்றே இலக்கணம் வகுத்த ஊர் என்று காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரைப் புகழாதார் இல்லை. வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, ஆண்டு கி.பி. 919, 921. ஊரை 30 குடும்புகளாகப் பகுத்து, தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். கணக்குக் காட்டாதவன் மட்டுமன்று, அவன் உறவினரும் குடத்தை நெருங்க இயலாது. பொதுப்பணம் கையாள்வோர் சிலர்க்கு இன்று இவ்விதி கசக்கும்! நாம் பெருமை கொள்வதில் தவறில்லை.

ஆயினும், ஓலையேறும் தகுதி யாது? வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். இவற்றோடு வேதப் பயிற்சியும் வேண்டும். அதில் வல்லவராயின் அரைக்கால் வேலியே போதும் என்று சலுகை வேறு! சதுர்வேதிமங்கலம் அன்றோ அவ்வூர்? வேதம் ஓதும் உரிமை எவர்க்கு மறுக்கப்பட்டது என்பதை நாம் விளக்க வேண்டுவதில்லை. வைரமேகத் தடாகம் என்னும் பேரேரிக்கு மண் சுமந்தோர், அதன் நீரில் நாற்று நட்ட பெண்டிர், இவர்தம் பெயர் அக்குடத்துள் ஒருநாளும் விழவில்லை.

குடவோலைப் பாடம் நடத்துகையில் இத்தகுதிகளையும் நாம் கரும்பலகையில் எழுதினோம். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

“எங்கள் பாட்டன் பெயர் அதில் இருந்திருக்குமா, ஐயா?”