வாகடத்தில் இடம்பெறாத மடிநாய்

தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தின் பதிப்புகளில் யானைக்கு ஒரு நூலும் குதிரைக்கு ஒரு நூலும் உண்டு. பாலகாப்பியர் பெயரில் வழங்கும் கஜசாஸ்திரம் ஒன்று. நகுலன் பெயரில் வழங்கும் அசுவசாஸ்திரம் மற்றொன்று. இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) நிறுவிய தன்வந்திரி மகாலில் மனிதர்க்கு மட்டுமன்றி விலங்குகளுக்கும் மருந்துகள் ஆராயப்பட்டன. உழவர்களிடம் மாட்டுவாகடம் இருந்தது. யானை படைக்கு, குதிரை பயணத்துக்கு, மாடு கழனிக்கு. எந்த விலங்கு படுத்தால் அரசோ குடியோ நட்டப்படுமோ அதற்கே வாகடம் எழுந்தது என்று கொள்ளலாம். அந்த வரிசையில் நாய்க்கு இணையான இடம் கிடைக்கவில்லை.

நாயை நம்மவர் மதிக்கவில்லை என்பதல்ல இதன் பொருள். செங்கம் பகுதியிலுள்ள எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில் வீரனுக்கருகே அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளரைக் கடித்து நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்பதைக் கல்வெட்டே சொல்கிறது. எத்தனையோ சிற்றரசர்களின் பெயர் அழிந்துபோன நாட்டில் ஒரு நாயின் பெயர் நிலைத்திருப்பது வியப்புக்குரியதே. 12ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் எழுந்த மானசோல்லாசமும் வேட்டைநாய்களைப் பேசுகிறது. இவற்றிலெல்லாம் நாம் காண்பது வேலை செய்யும் நாயைத்தான்.

வேலை ஓர் இனத்தின் உடலை எவ்வாறு வடிக்கும் என்பதற்குக் காவிரிப் படுகையிலேயே சான்றிருக்கிறது. நாகை மாவட்டத்து உம்பளச்சேரியின் பெயரால் அறியப்படும் மாட்டினம் உருவில் சிறியது, கால்கள் உறுதியானவை. கொம்பைத் தீய்த்துவிடும் வழக்கத்தால் மொட்டை மாடு என்றும் பெயர் பெற்றது. முழங்கால் ஆழச் சேற்றில் நாள் முழுதும் ஏர் இழுக்க வல்லது. சேற்றில் நிற்க முடியாத காளையைப் பொலிகாளையாக யாரும் வைத்துக்கொள்ளப் போவதில்லை.

மடிநாயின் வரலாறு இதற்கு நேர்மாறு. 1888இல் இத்தாலியின் பிளாரன்சு நகருக்குச் சென்ற விக்டோரியா மகாராணி அங்கிருந்து சிறிய பொமரேனியன்களைக் கொண்டுவந்தார். அரசி விரும்பியதை ஊர் விரும்பியது; நடுத்தர உருவமுள்ள வடபுலத்து நாய் சில தலைமுறைகளில் இரண்டு மூன்று கிலோவாகச் சுருங்கியது. மெக்சிகோ மாநிலமொன்றின் பெயர் தாங்கிய சிவாவா அதனினும் சிறியது.

சிறுமையே நோய் என்று சொல்வது தவறு. நாயின் உருவ அளவைப் பெரிதும் தீர்மானிக்கும் மரபணு ஒன்றை 2007இல் கண்டறிந்தார்கள். அதன் சிறுவுருவ வடிவம் சைபீரியாவில் கிடைத்த 54,000 ஆண்டுப் பழமையான ஓநாயிடமும் இருந்ததாக 2022 ஆய்வு காட்டியது. அதாவது மனிதன் நாயை வளர்க்கத் தொடங்குவதற்கும் முற்பட்டது அது. சிறுமையை ஓர் எல்லையில் நிறுத்தாமல் மேலும் மேலும் அழுத்தியதும், குறைகளை அழகெனப் போற்றியதுமே தொல்லைக்கு வித்து. சிவாவாவின் மண்டையில் மூடாது நிற்கும் உச்சிக்குழி ஒரு காலத்தில் தூய இனத்தின் அடையாளமாகக் கொண்டாடப்பட்டது! இவ்வினத்தில் மூளையில் நீர் தேங்கும் நோயும் வருவதுண்டு.

ஓநாய்க்குள்ள அதே 42 பற்கள் கட்டைவிரலளவு தாடையில் நெருங்குவதால் ஈறு விரைவில் கெடுகிறது. முழங்காற்சில்லு இடம் விலகுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் நாய் திடீரென ஒரு காலைத் தூக்கி மூன்று காலில் துள்ளுவது இதனால்தான். மூச்சுக்குழலின் குருத்தெலும்பு வளையங்கள் தளர்ந்து தட்டையாவது இன்னொன்று. அறுவடை முடிந்த வயலில் மேயும் வாத்துக் கூட்டத்தின் குரலை அறிந்தவர்க்கு அந்த இருமலை விளக்கத் தேவையில்லை. இத்தகைய நாய்க்குக் கழுத்துப்பட்டை ஆகாது, மார்புப்பட்டைதான் போடவேண்டும். குட்டி ஒருவேளை உணவு தவறினாலே இரத்தச் சர்க்கரை இறங்கி நடுங்கும், வலிப்பும் காணும். ஈறில் சிறிது தேனைத் தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் ஓடவேண்டும். முதுமையில் இதயத் தடுக்கிதழ் தடித்து இரத்தம் பின்னோக்கிக் கசிவதும் சிற்றினங்களில் மிகுதி.

நம் வீடுகளில் பொமரேனியன் என்று அழைக்கப்பட்டவற்றுள் பல உண்மையில் இந்தியன் ஸ்பிட்சு என்னும் சற்றுப் பெரிய நாய். இந்த மண்ணுக்குப் பழகிய அது பெரும்பாலும் தாக்குப்பிடித்தது. 2003இல் ஹட்ச் கைப்பேசி விளம்பரத்தில் சிறுவன் பின்னால் நடந்த பக் வேறு வகை. அதன் குறுகிய நாசியும் நெருங்கிய தொண்டையும் காற்றுக்கே இடம் தராதவை. நாய் தன் உடற்சூட்டைத் தணிப்பது பெரும்பாலும் இரைப்பின் வழியேதான். நாவின் ஈரம் ஆவியாக வேண்டும். கடற்கரையோரப் படுகையின் ஈரக்காற்றில் அது எளிதில் ஆவதில்லை. போதாக்குறைக்கு வயல் எலிகளின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல் வேறு. நாய்க்கும் வரும், மனிதருக்கும் வரும். அதற்குரிய தடுப்பூசியை நாய்க்கு ஆண்டுதோறும் போடுவது நெல்வயல் சூழ்ந்த ஊர்களில் இன்றியமையாதது.

தமிழக அரசு 2024இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, இத்தட்பவெப்பத்துக்குப் பொருந்தாதவையென 11 அயல் இனங்களைப் பட்டியலிட்டது. பக் அதில் ஒன்று. சிவாவாவும் பொமரேனியனும் அப்பட்டியலில் இல்லை; அவற்றின் கேடு வெப்பத்தால் வருவதன்று என்பதால் இருக்கலாம்.

சரபோஜி எழுப்பிய முக்தாம்பாள் சத்திரம் இருக்கும் ஒரத்தநாட்டில் 2012இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. கால்நடை என்ற சொல்லே ஆடுமாடுகளைக் கருதி வழங்கியது. காலால் நடப்பதைவிடக் கையில் சுமக்கப்படுவதே மிகுதியான ஒரு பிராணியும் இன்று அச்சொல்லுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது.