பெயர் மாறிக் கிடந்த இரத்தினம்

நவரத்தினங்களை நீங்கள் அறிவீர்கள். டாஃபைட் என்ற பெயரைக் கேட்டதுண்டா? பொதுவாக ஒரு கனிமம் பாறையிலோ ஆற்றுச் சரளையிலோ அடையாளம் காணப்படும். பிறகே பட்டை தீட்டுவோர் கைக்குச் செல்லும். இக்கல்லின் வரலாறோ தலைகீழானது. பட்டை தீட்டி, வேறொரு கல்லின் பெயரில் கைமாறிய பின்னரே இது ஒரு புதிய கனிமம் என்று தெரிந்தது.

1945 அக்டோபரில், அயர்லாந்தின் டப்ளின் நகரில் ரிச்சர்டு டாஃப் என்னும் இரத்தினக்கல் ஆய்வாளர் நகை வணிகர் ஒருவரிடம் பழைய கற்கள் பலவற்றை வாங்கினார். நிறவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியில் பார்த்தார். அவற்றுள் வெளிறிய ஊதா நிறக் கல் ஒன்று, எடை 1.419 காரட், அதாவது கால் கிராமுக்குச் சற்றே அதிகம். பார்வைக்கு அது ஸ்பினல்தான். ஆனால் கல்லினூடே நோக்கியபோது, அடிப்பக்கத்துத் தூசியும் கீறலும் இரண்டிரண்டாகத் தெரிந்தன!

இதில் என்ன வியப்பு என்கிறீர்களா? ஸ்பினல் கனசதுரத் தொகுதியைச் சேர்ந்த படிகம். அதனுள் ஒளி எத்திசையில் சென்றாலும் ஒரே வேகத்தில் செல்லும், பிம்பம் இரட்டிக்காது. ஆகவே இது ஸ்பினலாக இருக்க முடியாது. எனினும் அடர்த்தியும் ஒளிவிலகல் எண்ணும் ஸ்பினலை ஒட்டியே இருந்தன.

நவம்பர் 1ஆம் நாள் டாஃப் அதை லண்டனில் ஆண்டர்சன் என்னும் அறிஞரின் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். அவருக்கும் விடை தெரியவில்லை. வேதிப் பகுப்பாய்வு வேண்டும். அதற்குக் கல்லை வெட்டியாக வேண்டும். நகை வணிகர் எவரும் இதற்குத் துணியமாட்டார்! வெட்டினார்கள். மீண்டும் பட்டை தீட்டியபின் எஞ்சியது சுமார் 0.55 காரட். பெரிலியம், மக்னீசியம், அலுமினியம், ஆக்சிஜன் ஆகியவை சேர்ந்த புதுக்கனிமம் அது. 1951இல் வெளியான கட்டுரையில் கண்டறிந்தவர் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது.

அழகில் டாஃபைட் கண்ணைப் பறிப்பதில்லை. அருமையே அதன் கவர்ச்சி. மோஸ் அளவையில் கடினம் 8 முதல் 8.5 வரை, மோதிரத்தில் பதிக்கலாம். எனினும் பெரும்பாலும் சேகரிப்பவர்களே இதைத் தேடுகிறார்கள். இலங்கையின் இரத்தினக்கல் சரளைகளே இதன் முக்கியப் பிறப்பிடம் என்பது பின்னரே தெளிவாயிற்று. ஸ்பினலும் அதே சரளையில் கிடைப்பதால், இரண்டும் ஒரே பொட்டலத்தில் கலந்துவிடுகின்றன. இரண்டாவது டாஃபைட்டும் 1949இல் லண்டனில் அப்படித்தான் அகப்பட்டது.

உங்களிடம் வெளிறிய ஊதா ஸ்பினல் இருந்தால் உருப்பெருக்கியில் பாருங்கள். ஒரே பக்கமாகப் பார்த்து வைத்துவிட வேண்டாம். ஒரு குறிப்பிட்ட திசையில் டாஃபைட்டிலும் பிம்பம் இரட்டிக்காது. கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும்.