முத்திரையும் அங்கீகாரமும்

1754 ஜனவரியில் சதுரங்கப்பட்டினத்தில் ஒரு மாநாடு கூடிற்று. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, இன்றைய கல்பாக்கத்தை ஒட்டி டச்சுக்காரர்களுக்கு இருந்த இடம் அது. நடந்துகொண்டிருந்த யுத்தத்தில் டச்சுக்காரர்கள் எந்தப் பக்கமும் சேரவில்லை என்பதால் அங்கே கூடினார்கள். ஆங்கிலேயர் தரப்பில் பால்க்கும் வான்சிட்டார்ட்டும். பிரெஞ்சுத் தரப்பில் ஏசு சபைப் பாதிரியார் லவோர், டூப்ளேயின் உறவினர் கெர்ஜான், பாண்டிச்சேரிக் கவுன்சிலைச் சேர்ந்த பௌசே. பேச வேண்டியிருந்த விஷயம் ஒன்றுதான்: ஆற்காட்டு நவாப் யார்?

பள்ளிக்கூடச் சரித்திரத்தில் இதற்கு ஒரு வரிகூடக் கிடைக்காது. கிளைவ், டூப்ளே, வீரம், துரோகம் என்று அது தாண்டிப் போய்விடும். எனக்கோ இந்த மாநாட்டில் சிரத்தை உண்டாவதற்குக் காரணம் அங்கே மேஜைமேல் வைக்கப்பட்ட காகிதங்கள். பிரெஞ்சுக்காரர்கள் முசாபர் ஜங், சலாபத் ஜங் ஆகியோர் தந்த சனதுகளையும், மொகலாய பாதுஷா பெயரில் ஒரு கடிதத்தையும் எடுத்து வைத்தார்கள். ஆங்கிலேயர்கள் தங்கள் ஆளான முகம்மது அலிக்கு உரிய சனதுகள் திருச்சிராப்பள்ளியில் பத்திரமாக இருப்பதாகச் சொன்னார்கள். நகல் எடுக்கும்போதே பாதுஷா கடிதத்தின் முத்திரையைப் பற்றிச் சந்தேகம் கிளப்பினார்கள். நகல் எடுப்பது நின்றது. மாநாடும் முறிந்தது.

இரண்டு கிறிஸ்தவ வர்த்தகக் கம்பெனிகள், ஒரு பாதிரியார் உட்பட, ஒரு முஸ்லிம் அரசனின் உரிமையைப் பாரசீக முத்திரையை வைத்து நிர்ணயிக்க உட்கார்ந்திருந்த காட்சி அது. நவாபுகளை இன்றைய அர்த்தத்தில் இஸ்லாமியவாதிகள் என்று சொன்னால் அபத்தம். அவர்களுக்கு வேண்டியிருந்தது நில வரி, கோட்டை, பட்டாளம். மதத்தைச் சட்டமாக்கி ஒரு சமூகத்தை வார்த்தெடுக்கும் திட்டம் அவர்களிடம் இருக்கவில்லை. ஆனால் எதிரே உட்கார்ந்தவர்களின் புத்தி இன்றைய தூதர்களின் புத்திதான். யாரிடம் பேசினால் காரியம் நடக்குமோ அவனே அரசன். அதற்கு வேண்டிய காகிதம் பிறகு வரும்.

வந்த விதத்தையும் பார்க்கலாம். 1763 பிப்ரவரியில் பாரிஸ் உடன்படிக்கையில் முகம்மது அலி கர்நாடகத்தின் சட்டபூர்வமான நவாப் என்றும், சலாபத் ஜங் தக்காணத்தின் சட்டபூர்வமான சுபேதார் என்றும் இரண்டு ஐரோப்பிய அரசுகளும் ஒப்புக்கொண்டன. சலாபத் ஜங்கை அதற்கு முந்தைய வருஷமே அவன் தம்பி நிஜாம் அலி பதவியிலிருந்து இறக்கிச் சிறையில் போட்டிருந்தான். ஐரோப்பா அங்கீகரித்த சுபேதார் அந்த வருஷமே சிறையில் செத்தான். முகம்மது அலி பிழைத்தான். ஆனால் அதே 1763இல் அவன் கம்பெனிக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்தது செங்கல்பட்டுச் சீமையை. அங்கீகாரத்துக்கு விலை உண்டென்றால் அந்த விலை நாங்கள்தான். என் ஊர்க்காரர்கள் யாரும் இதை இப்படிப் பார்ப்பதில்லை. ஏரியைப் பற்றியும் கோட்டையைப் பற்றியும் பெருமைப்படுவதோடு சரி.

இந்த நினைப்பை எனக்கு மீண்டும் கொண்டுவந்தது 2025 அக்டோபரில் டில்லியில் நடந்தது. தலிபானின் வெளியுறவு மந்திரி அமீர் கான் முத்தகி ஒரு வார காலம் இந்தியாவில் இருந்தார். ஐ.நா.வின் பிரயாணத் தடையிலிருந்து அவருக்கு விலக்கு வாங்க வேண்டியிருந்தது. 1996இல் தலிபான் காபூலைப் பிடித்தபோது இந்தியா தன் தூதரகத்தைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டது. 1999 டிசம்பரில் கடத்தப்பட்ட விமானத்துக்காக ஜஸ்வந்த் சிங்கே காந்தஹார் போனார். 2021 ஆகஸ்ட் 31இல், அமெரிக்கர்கள் காபூலை விட்டுக் கிளம்பிய மறுநாள், தோஹாவில் இந்தியத் தூதர் தீபக் மிட்டல் தலிபானின் ஸ்டானெக்சாயைச் சந்தித்தார். இந்த ஸ்டானெக்சாய் எண்பதுகளில் டேராடூன் ராணுவக் கல்லூரியில் பயிற்சி பெற்றவர். எதிரி எதிர்பார்த்த அளவுக்கு அந்நியன் இல்லை. 2025 ஜூலையில் ரஷ்யா முதல் நாடாக அவர்களை அங்கீகரித்தது. அக்டோபரில் டில்லி அங்கீகாரம் என்ற சொல்லை உச்சரிக்காமலே, காபூலில் உள்ள தொழில்நுட்பக் குழு இனித் தூதரகம் ஆகும் என்றது.

பேசியது தவறு என்று நான் சொல்லமாட்டேன். நாட்டைக் கையில் வைத்திருப்பவனிடம் பேசாமல் மருந்தும் கோதுமையும் அனுப்ப முடியாது. பாகிஸ்தானைப் பற்றிய கணக்கு வேறு இருக்கிறது. அதை ஒளிப்பதற்கும் ஒன்றுமில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது இங்கே எழுந்த எதிர்வினைகள். தேவ்பந்த் மதரஸாவில் முத்தகியைப் பார்க்கக் கூட்டம் முண்டியடித்தது. ஜாவேத் அக்தர் வெட்கத்தில் தலைகுனிகிறேன் என்றார். இரண்டும் வடக்கே. கோவளத்தில், தமீம் அன்சாரி தர்காவுக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடையில் என் காதில் விழுந்தது இது:

“உங்காளு டில்லிக்கு வந்துகிறாராமே பாய்?”

“நானா கூப்ட்டேன்? கூப்ட்டது கவர்மெண்ட்டு.”

கேட்டவர் சிரித்துவிட்டார். பதில் சொன்னவர் சிரிக்கவில்லை. காயிதே மில்லத் அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்து தமிழுக்காக வாதாடிய மரபு இந்தப் பக்கத்து முஸ்லிம்களுடையது. வலை, படகு, துபாய்ச் சம்பளம், பெண்ணின் காலேஜ் பீஸ் என்று வாழ்கிறவரை, ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஒருவனுக்கு உறவினராக்கக் கேலியாக ஒரு வார்த்தை போதுமானதாக இருக்கிறது. சர்க்கார் கைகுலுக்கினால் அது ராஜதந்திரம். பாய் டீ குடித்தால் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 10ஆம் தேதி ஆப்கன் தூதரகத்தில் முத்தகி பத்திரிகையாளர்களைச் சந்தித்தபோது உள்ளே ஒரு பெண்கூட இல்லை. தங்களுக்கு அந்தச் சந்திப்பில் சம்பந்தமில்லை என்றது வெளியுறவு அமைச்சகம். சதுரங்கப்பட்டினத்து டச்சுக்காரர்களும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். இடம் மட்டும் எங்களுடையது. ஆண் பத்திரிகையாளர்கள் வெளியேறியிருக்க வேண்டும் என்று ப. சிதம்பரம் எழுதினார். சரியான பேச்சு. யாரும் வெளியேறியதாகத் தெரியவில்லை. குறிப்பெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கூச்சல் பெரிதானதும் 12ஆம் தேதி இன்னொரு சந்திப்பு வைத்தார்கள். பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். முதல் சந்திப்பில் நேர்ந்தது தொழில்நுட்பக் கோளாறு என்று முத்தகி சொன்னார். 1754இல் முத்திரையைப் பற்றி லவோர் பாதிரியாரும் ஏதோ சமாதானம் சொல்லித்தான் இருப்பார். ஆனால் அன்று அவரைக் கேள்வி கேட்டவர்கள் எதிர்க் கம்பெனிக்காரர்கள். செங்கல்பட்டுக் குடியானவனோ நெசவாளியோ அந்த அறைக்குள் போயிருக்க முடியாது. டில்லியில் கேட்டவர்கள், அறைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களே. ஆப்கானிஸ்தானில் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகள் ஏன் படிக்கக் கூடாது என்று நேரே கேட்டார்கள். பெண் கல்வியை ஹராம் என்று நாங்கள் அறிவிக்கவில்லை, அடுத்த உத்தரவு வரும்வரை தள்ளி வைத்திருக்கிறோம் என்றார் அவர். உத்தரவு எப்போது வரும் என்பதற்குப் பதில் இல்லை. காபூலில் அந்தப் பெண் பிள்ளைகள் அப்போது நாலு வருஷமாகக் காத்திருந்தார்கள்.