போர்வை இருந்தும் குளிரில் கிடந்தவர்

எங்கள் விஸ்வநத்தத்தில் மார்கழிக் குளிர் என்பது காலை எட்டு மணி வரைதான். டீக்கடை பெஞ்சில் மப்ளரோடு உட்காருகிற என் வயதுக்காரர்கள் ஒன்பது மணிக்கெல்லாம் அதை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொள்வார்கள். மழை குறைந்த, காய்ந்த பூமி இது. தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே தழைத்ததற்கு அந்த வறட்சியும் ஒரு காரணம்.

நான் சிறுவயதில் படித்தது காரைக்காலில், பிரெஞ்சு வழியில். ‘இவேர்’ என்றொரு பாடம் இருந்தது. குளிர்காலம் என்று பொருள். வெள்ளைப் பனி, புகைபோக்கி, கணப்படுப்பு ஓரம் ஒரு பாட்டி. வியர்த்து ஒழுகிக்கொண்டே அதை மனப்பாடம் செய்வோம். ஐம்பது வயதுக்கு மேல், ஒரு டிசம்பரில், அலுவலக வேலையாக டெல்லி போனேன். விடுதியில் கனமான ரஜாய் ஒன்று வைத்திருந்தார்கள். அதை மெத்தை என்று நினைத்துக் கீழே விரித்து, வேட்டியைப் போர்த்திக்கொண்டு இரவு முழுக்க நடுங்கினேன். காலையில் டீ கொண்டுவந்த பையன் பார்த்துச் சிரித்துவிட்டான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பின்னாளில் கணித மேதை இராமானுஜனின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் அந்த வெட்கம் தீர்ந்தது. அவரும் நம்மைப் போல ஒரு குமாஸ்தாதான். 1912 மார்ச் முதல் தேதி சென்னைத் துறைமுகத்தில் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்தவர். பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தால் கேம்பிரிட்ஜ் அழைப்பு வந்தது. குடுமியை எடுத்துவிட்டு, 1914 மார்ச் 17 அன்று ‘நெவாசா’ கப்பலில் ஏறினார். மனைவி ஜானகி வரவில்லை. ஏப்ரல் 14 அன்று லண்டன் சேர்ந்தார். வசந்த காலத்தில் போனதால் முதலில் பெரிய சிரமம் தெரியவில்லை. ஷூவுக்குள் நுழைய மறுத்த கால்தான் தொல்லை.

ஆகஸ்டில் உலகப் போர் மூண்டது. அதன் பின்னாலேயே குளிர்காலமும் வந்தது. கேம்பிரிட்ஜில் டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்த வங்காள இளைஞர் பி.சி. மஹலனோபிஸ், பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர், ஒருநாள் இராமானுஜனைப் பார்த்து, இரவில் குளிர் தாங்குகிறதா என்று விசாரித்தார். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையைச் சுற்றிப் படுத்தும் குளிர்கிறது என்றார் இவர். கம்பளி போதவில்லையோ என்று படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தால், கட்டிலில் கம்பளிகள் பலவும் இருக்கின்றன! ஆனால் அவற்றை ஓரத்தில் இறுக்கமாகச் செருகி, மேலே ஒரு விரிப்பைப் போட்டிருந்தார்கள். கம்பளியை விலக்கி உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்று இராமானுஜனுக்குத் தெரியாது. அந்த மேல்விரிப்பு ஒன்றுக்கு அடியில்தான் தினமும் நடுங்கியபடி படுத்திருக்கிறார். மஹலனோபிஸ் பிரித்துக் காட்டிச் சொல்லிக் கொடுத்தார்.

அதே மார்கழியில் இன்னொரு சம்பவம். இராமானுஜன் கல்லூரிச் சாப்பாட்டைத் தொடமாட்டார். எதை எந்தக் கொழுப்பில் வறுத்தார்களோ என்ற சந்தேகம். அறையிலேயே கேஸ் அடுப்பில் சமையல். புளி சென்னையிலிருந்து பார்சலில் வரவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வாணலியில் காய் வதக்கிக்கொண்டிருக்க, மஹலனோபிஸ் பத்திரிகையில் வந்த புதிர் ஒன்றைப் படித்தார். ஒரு தெருவில் 50க்கு மேல் 500க்குள் வீடுகள். ஒரு வீட்டுக்கு இடப்புறம் உள்ள கதவு எண்களின் கூட்டுத்தொகையும் வலப்புறம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். அது எந்த வீடு? காயைக் கிளறிக்கொண்டே, எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லி, இது போன்ற எல்லாத் தெருக்களுக்கும் பொருந்தும் விடையாக ஒரு தொடர் பின்னத்தைச் சொன்னாராம். அந்தத் தெருவில் 288 வீடுகள், விடை 204ஆம் எண். நான் காகிதத்தில் கூட்டிப் பார்த்தேன். இரு பக்கமும் 20,706 வந்தது. எத்தனை நேரம் எடுத்தது என்று கேட்காதீர்கள்.

அத்தனை பெரிய மூளைக்குக் கம்பளியை விலக்கத் தெரியவில்லை என்று சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாராவது சொன்னால்தானே தெரியும்? அவரோ கேட்கக் கூச்சப்படுகிறவர். ஹார்டி நாள்தோறும் கணக்குப் பேசினார். சொந்த விஷயம் விசாரிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. 1916இல் நண்பர் சட்டர்ஜியையும் இரண்டு பெண்களையும் தன் அறைக்கு விருந்துக்கு அழைத்தார் இராமானுஜன். ரசத்தை இரண்டு முறை வாங்கிக் குடித்தவர்கள் மூன்றாம் முறை போதும் என்றார்கள். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம்! சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து, ஐந்து பவுண்டு அனுப்பும்படி தந்தி வந்தது. தான் சமைத்ததை மறுத்துவிட்டார்களே என்ற வருத்தத்தில் ரயிலேறிவிட்டார். இதை மேதையின் கிறுக்கு என்பார்கள். தனிமையில் வாடிய மனம் என்றே எனக்குப் படுகிறது.

1917இல் உடல்நிலை முறிந்தது. காசநோய் என்று கருதி மெண்டிப், மேட்லாக் முதலிய சானடோரியங்களில் சேர்த்தார்கள். அக்காலத்தில் அதற்கு மருந்து, திறந்த ஜன்னலும் குளிர்ந்த காற்றும்தான். அங்கிருந்து ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், ஒரு மாதமாகியும் அறையில் கணப்பு மூட்டவில்லை என்கிறார். தீவிரமாகக் கணக்குப் போடும் நாளில் கணப்பு உண்டு என்று சொன்னார்களாம். அந்த நாள் வரவே இல்லை. குளியலறை மட்டும் கதகதப்பாக இருப்பதால், தினமும் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு அங்கே போய் ஒரு மணி நேரம் வேலை செய்யப்போவதாக எழுதுகிறார். இதைப் படித்துவிட்டு அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், டிரினிட்டி ஃபெல்லோ என்று கௌரவங்கள் வந்தன. 1919 மார்ச்சில் பம்பாயில் இறங்கினார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில், 32 வயதில் காலமானார். அது காசநோயே அல்ல, ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994இல் டி.ஏ.பி. யங் என்பவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து எழுதினார். அப்படியானால் அந்தக் குளிரெல்லாம் வீண் தண்டனை.

அவர் மறைந்த சில ஆண்டுகளில், சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா ரயிலேறினார்கள். தெரியாத ஊர், தெரியாத பாஷை. ஆனால் சென்றவர்கள் இருவர். ஒருவர் போர்வையை மற்றவர் பார்த்திருப்பார். இராமானுஜன் தனியாள்.

நம்மில் பலருடைய பேரப்பிள்ளைகள் இன்று டொரொன்டோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். போனில் ‘அங்கே குளிரா’ என்று கேட்டால் ‘ஆமாம் தாத்தா’ என்று முடித்துவிடுவார்கள். ‘ராத்திரி எப்படிப் படுக்கிறாய், என்ன போர்த்திக்கொள்கிறாய், யாரோடு சாப்பிட்டாய்’ என்று கேளுங்கள். மஹலனோபிஸ் கேட்டது அந்த ஒரு கேள்விதான். அன்றிரவு இராமானுஜன் குளிரில்லாமல் தூங்கியிருப்பார்.