கூம்பின் குரல்: பழைய ஒலிபெருக்கிகளின் மறுவாழ்வு

மங்கல இசை முழங்கும் இடங்களில் நாகசுரத்தைக் காணாதவர் இலர். அதன் குழல் மேலே குறுகியும், கீழே செல்லச் செல்ல அகன்றும், முடிவில் வாய் விரிந்த அணசுடனும் அமைந்திருக்கும். கொம்பு, எக்காளம் ஆகியவற்றின் அமைப்பும் அத்தகையதே. சிறு துளையில் பிறக்கும் ஒலியைப் பெருவெளியில் சேர்ப்பதற்கு விரிந்து செல்லும் குழலே துணை என்பதைக் கைவினைஞர்கள் தம் அனுபவத்தால் அறிந்திருந்தனர். விழாக்காலங்களில் கம்பத்தின் உச்சியில் கட்டப்படும் கூம்பு ஒலிபெருக்கியும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே ஆகும்.

இக்குடும்பத்தில் வீட்டுக்குள் குடிபுகுந்த ஒரு கிளையும் உண்டு. அமெரிக்கப் படமாளிகைகளில் அரசோச்சி, பின்னர் பழைய இரும்புக் கடைக்குச் சென்று, இறுதியில் இசை இரசிகர்களின் கூடங்களில் மீண்டும் வீற்றிருக்கும் கூம்பு ஒலிபெருக்கிகளே அவை. அவற்றைத் தேடிப் பெற்று, பழுது நீக்கி, பாட வைக்கும் பொழுதுபோக்கு ஒன்று இன்று பல நாடுகளில் வேரூன்றியுள்ளது. அதன் வரலாறு அறியத்தக்கது.

கூம்பு செய்யும் வேலை

சாதாரண ஒலிபெருக்கியில் காகிதக் கூம்பு ஒன்று நேரடியாகக் காற்றைத் தள்ளுகிறது. காற்றோ மிக இலேசானது. ஆகவே மின்னாற்றலில் பெரும்பகுதி வெப்பமாக வீணாகி, ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே ஒலியாக மாறுகிறது. கூம்புக் குழலின் தொண்டையில் ஒரு மெல்லிய தகட்டைப் பொருத்தினால் நிலைமை மாறுகிறது. குறுகிய தொண்டையில் அடைபட்ட காற்று தகட்டுக்குத் தக்க எதிர்ப்பைத் தருகிறது. அவ்வழுத்தம் குழல் நெடுகப் படிப்படியாக விரிந்து வெளிக்காற்றில் கலக்கிறது. இதனால் அதே மின்னாற்றலில் பன்மடங்கு ஒலி கிடைக்கிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. கூம்பு எவ்வளவு தாழ்ந்த சுருதியை ஒலிக்க வேண்டுமோ அவ்வளவு பெரிதாக இருத்தல் வேண்டும். 50 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் ஏறத்தாழ 7 மீட்டர். அதனைச் செவ்வனே ஒலிக்கக் கூம்பு வாயின் சுற்றளவும் அவ்வளவு இருக்க வேண்டும். அதாவது வாயின் குறுக்களவு 2 மீட்டரைத் தாண்டும். இத்தகைய ஒன்றை வீட்டிற்குள் எங்கே வைப்பது? இக்கேள்விக்கான விடையைத் தேடியதே வீட்டுக் கூம்பின் வரலாறு எனலாம்.

பேசும் படமும் பெருங்கூம்பும்

1915ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் நாப்பா நகரில் எட்வின் பிரிட்ஹமும், டென்மார்க்கில் பிறந்த பீட்டர் ஜென்சனும் நகரும் சுருளுடன் கூம்பை இணைத்து ஒரு கருவி செய்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'மேக்னவாக்ஸ்'. இலத்தீன் மொழியில் 'பெருங்குரல்' என்பது அதன் பொருள். 1919ஆம் ஆண்டு செப்டம்பரில் சான் டியேகோ நகரில் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் ஏறத்தாழ 50,000 பேர் கூடிய கூட்டத்தில் பேசியபோது, அவர் குரலை எடுத்துச் சென்றது இக்கருவியே.

1926ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் நியூயார்க்கில் 'டான் ஜுவான்' என்னும் படம் இணைப்பிசையுடன் திரையிடப்பட்டது. படமாளிகைகள் ஒலியின் பக்கம் திரும்பிய அக்காலத்தில், பெல் ஆய்வகத்தின் வெண்டே, துராஸ் ஆகிய இருவரும் உருவாக்கிய வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 555 என்னும் ஒலியாக்கி பெரும்புகழ் பெற்றது. அன்றைய வால்வு பெருக்கிகளின் ஆற்றல் சில வாட்டுகளே. அத்துணைச் சிறிய ஆற்றலால் ஒரு மண்டபத்தையே நிரப்பக் கூம்பைத் தவிர வேறு வழியில்லை.

1930களில் ஒரு விசித்திரமான குறை வெளிப்பட்டது. தாழ்சுருதிக் கூம்பும் உயர்சுருதிக் கூம்பும் வெவ்வேறு நீளம் உடையவையாக இருந்தமையால், தட்டு நடனக் காட்சிகளில் காலணியின் ஒரே தட்டு இரண்டு தட்டாகக் கேட்டது. ஏறத்தாழ 8 அடி வேறுபாடு. காலக் கணக்கில் அது ஒரு நொடியின் ஆயிரத்தில் 7 பங்கு. எம்.ஜி.எம். நிறுவனத்தின் டக்ளஸ் ஷியரர், ஜான் ஹில்லியர்ட் ஆகியோர் ஜேம்ஸ் லான்சிங் முதலியோருடன் சேர்ந்து இக்குறையைக் களைந்து புதிய அமைப்பொன்றை உருவாக்கினர். 'ஷியரர் ஹார்ன்' எனப்பட்ட அதற்கு 1936ஆம் ஆண்டுக்கான ஆஸ்கார் தொழில்நுட்ப விருது கிடைத்தது. அதன் வழிவந்ததே 1945ஆம் ஆண்டு ஆல்டெக் லான்சிங் வெளியிட்ட 'வாய்ஸ் ஆப் த தியேட்டர்' வரிசை.

மூலையில் கண்ட விடை

இங்கிலாந்தில் பால் வோய்க்ட் என்னும் பொறியாளர் 1930களிலேயே, அறையின் மூலையில் நிறுத்தத்தக்க வீட்டுக் கூம்பைச் செய்தார். அமெரிக்காவில் இவ்வெண்ணத்தை நிறைவுக்குக் கொண்டு வந்தவர் பால் கிளிப்ஷ். அறையின் மூலையில் இரு சுவர்களும் தரையும் கூடுகின்றன. அச்சுவர்களையே கூம்பின் தொடர்ச்சியாகக் கொண்டால், மரப்பெட்டிக்குள் மடித்து வைத்த குறுகிய கூம்பும் பெருங்கூம்பின் பணியைச் செய்யும் அன்றோ! 1946ஆம் ஆண்டு ஆர்க்கன்சா மாநிலத்தின் ஹோப் என்னும் சிற்றூரில் தம் தொழிலைத் தொடங்கிய அவர், 'கிளிப்ஷ்ஹார்ன்' என்ற அந்தப் பெட்டியை விற்கலானார். அவர் 2002ஆம் ஆண்டு, தமது 98ஆம் வயதில் மறைந்த பின்னரும் அதன் உற்பத்தி தொடர்ந்தது குறிப்பிடத்தக்கது.

ஒதுக்கப்பட்ட காலம்

1954ஆம் ஆண்டு எட்கர் வில்ச்சூர் காற்றுப் புகாத சிறு பெட்டியில் ஆழ்ந்த தாழ்சுருதியைத் தரும் ஒலிபெருக்கியை வெளியிட்டார். 1957, 1958ஆம் ஆண்டுகளில் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் வந்தன. ஒன்றுக்கு இரண்டு ஒலிபெருக்கிகள் தேவைப்பட்டன. டிரான்சிஸ்டர் வந்தபின் வாட்டுகள் மலிவாயின. ஒரு வாட்டில் கூம்பு தரும் ஒலியைச் சிறு பெட்டி 20 வாட்டில் தருமானால், அந்த 20 வாட்டைக் கொடுப்பதில் எவருக்கும் வருத்தமில்லை. பெருங்கூம்புகளுக்கு வீட்டில் இடமில்லாது போயிற்று. படமாளிகைகளும் புதுப்பிக்கப்பட்டபோது பழைய கூம்புகளைக் கழற்றி எறிந்தன. 1978ஆம் ஆண்டு ஜயர் நாட்டின் ஷாபா மாநிலத்தில் மூண்ட போரினால் கோபால்ட் உலோகத்தின் விலை ஏறியது. அதனைக் கொண்டு செய்யப்படும் 'அல்நிக்கோ' காந்தங்களைக் கைவிட்டு உற்பத்தியாளர்கள் பெரைட் காந்தங்களுக்கு மாறினர்.

எறியப்பட்டவற்றின் மதிப்பை முதலில் உணர்ந்தோருள் ஜப்பானிய இரசிகர்கள் முக்கியமானவர்கள். அமெரிக்கக் கொட்டகைகளிலிருந்து கழற்றப்பட்ட பல கூம்புகள் கப்பலேறி ஜப்பானைச் சென்றடைந்தன. ஜப்பானில் வாழ்ந்த ழான் ஹிராகா, பிரான்சில் 1977ஆம் ஆண்டு தொடங்கிய 'லொடியோபீல்' என்ற இதழின் வழியே இச்சுவையை ஐரோப்பாவிற்கும் அறிமுகப்படுத்தினார். தொழிலுலகம் கைவிட்ட ஒரு கலையைச் சில தனிமனிதர்கள் தத்தம் வீடுகளில் காப்பாற்றினர் என்பதே இதன் உட்பொருள்.

பழுது நீக்கும் பணி

பழைய கூம்பு ஒன்று வீடு வந்து சேர்ந்ததும் அறிந்தவர் செய்யும் முதல் வேலை, ஒன்றும் செய்யாதிருத்தல். இரண்டு பெட்டிகளையும் அளந்து, கேட்டு, ஒப்பிட்டுக் குறை எங்கேயுள்ளது என்று காண்பர்.

பெரும்பாலும் முதற்குறை மின்தேக்கிகளில் இருக்கும். தாழ்சுருதியையும் உயர்சுருதியையும் பிரித்தனுப்பும் இணைப்பில் உள்ள இவை, காலப்போக்கில் உட்தடை மிகுந்து உயர்சுருதியை மங்கச் செய்யும். அதே அளவுள்ள புதிய மின்தேக்கிகளை இட்டாலே பல கூம்புகள் தூக்கம் கலைந்து எழுந்தாற்போல் ஒலிக்கின்றன. எனினும் எச்சரிக்கை தேவை. 1970களுக்கு முற்பட்ட எண்ணெய் மின்தேக்கிகள் சிலவற்றில் பிசிபி என்னும் நச்சுப்பொருள் உண்டு. அவற்றை உடைத்தலும், குப்பையில் எறிதலும் கூடா.

அடுத்தது தகடு. தாளினும் மெல்லிய அலுமினியத் தகடு, மிகக் குறுகிய காந்த இடைவெளியில் தன் சுருளுடன் அசைகிறது. அவ்விடைவெளியில் ஓர் இரும்புத் துகள் புகுந்தாலும் கரகரப்பு எழும். துகள்களை ஒட்டும் நாடாவினால் பொறுமையாக எடுப்பர். காந்தத்தை மட்டும் பிரித்தெடுக்கலாகாது. அல்நிக்கோ காந்தம் தன் இரும்புச் சுற்றிலிருந்து பிரிக்கப்பட்டால் வலிமை குன்றிவிடும். பின்னர் மீண்டும் காந்தமேற்றினால்தான் பழைய நிலைக்கு வரும். ஆர்வக்கோளாறால் இவ்வாறு கெட்ட கருவிகள் பல.

உலோகக் கூம்புகள் மணியைப்போல் அதிர்வதுண்டு. வெளிப்புறத்தில் அதிர்வை அடக்கும் பசையோ பட்டையோ ஒட்டினால் அவ்வதிர்வு தணியும். மரப்பெட்டியின் இணைப்புகளில் காற்றுக் கசிவை அடைத்தல், கிளிப்ஷ்ஹார்னைப் பொறுத்தவரை அது சுவர் மூலையுடன் இடைவெளியின்றிப் பொருந்தச் செய்தல் ஆகியனவும் இன்றியமையாதவை. தக்க மூலை இல்லாத வீடுகளில் பலகையால் செயற்கை மூலையே செய்துகொள்வோரும் உளர்.

மேம்பாட்டின் எல்லை

பழுது நீக்குவது வேறு, மேம்படுத்துவது வேறு. இரசிகரிடையே ஓயாத வழக்கு இங்கேதான் எழுகிறது. புதிய தகடு, புதிய கூம்பு, புதிய இணைப்பு என்று ஒவ்வொன்றாக மாற்றினால், இறுதியில் எஞ்சுவது பழைய ஒலிபெருக்கிதானா, அல்லது அதன் பெட்டி மட்டுமா என்பது ஒரு சாராரின் கேள்வி. காலத்தோடு கருவியும் வளர வேண்டாமா என்பது மறுசாராரின் விடை.

இரண்டிலும் நியாயம் உண்டு. வழக்கைத் தீர்க்க ஓர் அளவுகோலும் உண்டு: செய்தவன் விரும்பியும் அவன் காலத்தில் இயலாமற்போனது எது என்று நோக்குவதே அது. அன்று தட்டு நடனத்தில் கேட்ட இரட்டை ஒலியை நீக்க ஹில்லியர்ட் முதலியோர் கூம்புகளின் நீளத்தையே மாற்ற வேண்டியிருந்தது. இன்று எண்முறைக் கருவி ஒன்று, கூம்பில் கை வைக்காமலே உயர்சுருதியை ஆயிரத்தில் சில பங்கு நொடி தாமதப்படுத்தி அதனைச் சாதிக்கிறது. பிடிக்காவிடில் அதனைக் கழற்றிவிடலாம். பழைய கருவிக்கு ஊறில்லை. இத்தகைய மேம்பாடு செய்தவனின் கருத்தை நிறைவேற்றுகிறது. மாறாக, எடை மிகுந்த காகிதத்தைத் தாழ்சுருதி ஒலியாக்கியில் ஒட்டினால், கூம்பின் தனிச்சிறப்பாகிய சிற்றாற்றலில் பேரொலி தரும் பண்பே குன்றுகிறது. அதனை மேம்பாடு என்று கூற இயலாது.

ஆகவேதான் முதிர்ந்த இரசிகர் கழற்றிய ஒவ்வோர் உறுப்பையும் பெயர் எழுதிப் பத்திரப்படுத்துகின்றனர். தம் செவி தவறியிருப்பின், அடுத்து வருபவர் திருத்திக்கொள்ள வழி இருக்க வேண்டும் என்பது அவர்தம் எண்ணம். காலம் படியவைத்த தூசியைத் துடைக்கலாம். செய்தவன் பதித்த கைத்தடத்தைத் துடைக்கலாகாது. பழையதொன்றைப் புதுப்பிக்க முற்படும் எவருக்கும் அக்கூம்புகள் சொல்லும் செய்தி இதுவே.