நோயாளிக்கு மறைத்த சொல்

நெஞ்சின் ஓசையைக் கேட்டு நோயறியும் முயற்சி தொன்மையானது. ஹிப்போகிரட்டிஸின் பெயரால் வழங்கும் கிரேக்க நூல்களிலேயே நோயாளியின் விலாவில் காதை வைத்துக் கேட்கும் முறை குறிப்பிடப்பட்டுள்ளது. ஆயினும் அது மருத்துவரின் அன்றாட வழக்கமாக நிலைபெறவில்லை. இப்னு சீனா தமது 'அல்-கானூன்' நூலில், நுரையீரல் உறை அழற்சியைக் காய்ச்சல், குத்தும் வலி, இருமல், குறுகிய மூச்சு, ரம்பப் பற்கள்போல் ஏறியிறங்கும் நாடி ஆகிய அறிகுறிகளால் இனங்காணக் கற்பித்தார். கண்ணும் விரலும் எட்டிய எல்லை அது. நெஞ்சுக்குள் எழும் ஓசைகள் பல நூற்றாண்டுகள் வகைபிரிக்கப்படாமலே இருந்தன.

அந்நிலையை மாற்றியவர் பிரெஞ்சு மருத்துவர் ரெனே லேனெக் (1781 - 1826). 1816ஆம் ஆண்டு, பாரிஸ் நகரின் நெக்கர் மருத்துவமனையில் பணியாற்றிவந்த அவரிடம் இதய நோயின் அறிகுறிகளோடு ஓர் இளம்பெண் வந்தார். அவர் மார்பில் காது வைத்துக் கேட்பது முறையன்று எனக் கருதிய லேனெக், காகிதத் தாள்களைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையை நோயாளியின் மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். நேரடியாகக் கேட்பதைவிடத் தெளிவாக ஒலி கேட்டது. காகிதக் குழல் பின்னர் மரக்குழலாயிற்று. நாணத்தைப் பேண மேற்கொண்ட ஓர் ஏற்பாடே ஸ்டெதாஸ்கோப்பாக மலர்ந்தது.

அதன்பின் அவர், நோயாளி உயிரோடிருந்தபோது கேட்ட ஓசைகளை, இறந்தபின் உடற்கூறு ஆய்வில் கண்ட மாற்றங்களோடு பொறுமையாக ஒப்பிட்டார். அதன் பயனாக 1819இல் அவரது பெருநூல் வெளிவந்தது. நிமோனியாவின் தொடக்கத்தில் கேட்கும் ஓசை, சூடேறிய பாத்திரத்தில் உப்புப் பொரிவதை ஒக்கும் என்றார். வேறு சில ஓசைகளைப் புறாவின் குமுறலோடும் பறவைகளின் கீச்சொலியோடும் ஒப்பிட்டார். இயல்புக்கு மாறான இவ்வோசைகள் அனைத்துக்கும் அவர் இட்ட பொதுப்பெயர் 'ரால்' என்பது.

இப்பெயரே பின்னர் சிக்கலாயிற்று. பிரெஞ்சு மக்களின் பேச்சில் அச்சொல், மரணத் தறுவாயில் தொண்டையில் எழும் கரகரப்பைக் குறித்தது. மருத்துவர் தம் மாணவர்களிடம் அதை உச்சரித்தால், படுக்கையிலிருப்பவர் தம் முடிவு நெருங்கிவிட்டதென அஞ்சுவார். ஆகவே நோயாளியின் முன்னிலையில் அதே பொருளுடைய 'ரோங்கஸ்' என்ற லத்தீன் சொல்லை லேனெக் வழங்கினார். இரண்டும் ஒன்றே, ஒன்று நூலுக்கு, மற்றொன்று நோயாளியின் செவிக்கு.

பின்வந்தோரோ இரண்டையும் வெவ்வேறு ஓசைகளின் பெயர்களாகக் கொண்டனர். விட்டுவிட்டு எழும் பொரிவொலி 'ரால்' எனவும், தொடர்ந்து நீளும் ஒலி 'ரோங்கஸ்' எனவும் ஆயின. ஈரம், உலர்வு என்ற அடைமொழிகளும் சேர்ந்து குழப்பத்தைப் பெருக்கின. ஒரே நெஞ்சைக் கேட்ட இரு மருத்துவர்கள் வெவ்வேறு பெயர்களை எழுதிவைக்க நேர்ந்தது. 1957இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ராபர்ட்சனும் கூப்பும் இப்பிழையின் வரலாற்றை எடுத்துக்காட்டினர். ஒலி விட்டுவிட்டு வருகிறதா, தொடர்ந்து வருகிறதா என்பதையே அடிப்படையாகக் கொண்டு, 'கிராக்கிள்', 'வீஸ்' என்ற எளிய பெயர்களை வழங்கவேண்டும் என்றனர். மூடிக்கிடந்த சிறு மூச்சுக்குழல்கள் திடீரெனத் திறக்கும்போது முன்னது பிறக்கிறது; குறுகிய குழலின் சுவர்கள் அதிரும்போது பின்னது எழுகிறது. நம் இல்லங்களில் இன்று எவரும் அச்சமின்றிச் சொல்லும் 'வீசிங்' அந்த எளிய சொல்லின் வழிவந்ததே.

லேனெக்கின் இறுதி நாட்கள் இங்கு நினைவுகூரத்தக்கவை. அவர் நுணுகி ஆராய்ந்த காசநோயே அவரைப் பற்றியது. அவர் வடித்த கருவியைக் கொண்டே உறவினரான மருத்துவர் மெரியாதெக் லேனெக் அவர் நெஞ்சைக் கேட்டார். அந்த ஓசைகளின் பொருளைத் தம் நூலில் விளக்கியிருந்தவருக்கு எந்த லத்தீன் சொல்லும் திரையாக முடியவில்லை. 1826 ஆகஸ்ட் 13 அன்று, தம் 45ஆம் வயதில், தாயகமான பிரிட்டனியில் அவர் காலமானார். அவர் சொல்லை மறைத்தது இரக்கத்தால். ஆனால் அதன் பொருள் மருத்துவர்களுக்கே தெளிவற்றுப் போயிற்று. நோயாளிக்கு அச்சமூட்டாத சொல், மருத்துவருக்குப் பொருள் மயங்காத சொல்லாகவும் இருக்கவேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் படிப்பினை.