வார்லி மலையின் கற்கோயில்

கொத்மலை அணை 1985இல் திறக்கப்பட்டபோது கடதொர விகாரை நீருள் அமிழ்ந்தது. இன்றும் நீர் வற்றுங் காலத்தில் அதன் இடிபாடுகள் தலைகாட்டும். அதற்குத் தெற்கே, டிக்கோயாவில், 1965இல் எழுந்த காசல்ரீ நீர்த்தேக்கமோ வார்லி கிறிஸ்து தேவாலயத்தைத் தீண்டவில்லை. மேட்டு நிலம் அதனைக் காத்தது.

நேயர்களே, இத்தேவாலயம் கட்டப்பெற்ற ஆண்டு 1878. கோப்பியை இலைநோய் பற்றி ஒன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. தேயிலையோ இன்னும் வேரூன்றவில்லை. அவ்வேளையில் துரைமார் கற்கோயில் எழுப்பினர் என்பது வியப்பே!

அதன் உருவம் இங்கிலாந்தின் இடைக்கால ஊர்க்கோயிலைத் தழுவியது: கற்சுவர், கூர்முனை வளைவு, வண்ணக் கண்ணாடிச் சாளரம். அங்கே பதின்மூன்றாம் நூற்றாண்டில் தழைத்த அந்தப் பாணியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டினர் மீண்டும் உயிர்ப்பித்தனர். அது கப்பலேறி நம் மலைக்கும் வந்தது.

உருவம் வந்தது, வழக்கம் முழுதும் வரவில்லை. அங்கே கோயில் வளாகத்தின் மண் ஊராருக்கெல்லாம் பொது. உழவனும் அங்கேயே அடங்குவான். வார்லியின் கல்லறைகளில் துரைமாரின் பெயர்களைப் படிக்கலாம். அவர்களுடைய கோப்பியையும் தேயிலையையும் வளர்த்த தமிழ்த் தொழிலாளருள் மிகப்பலர், பெயர்க்கல் ஏதுமின்றித் தோட்டத்து மண்ணிலேயே அடங்கினர்.